காயில் கடைசியில்தான்

பழைய எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்து, "பிக்கப் டோன் கொஞ்சம் வார்மா வேணும்" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் பிக்கப்பைப் பற்றிக் கேட்பதில்லை. என்ன கேபிள் போடுகிறீர்கள், அது எத்தனை மீட்டர், நடுவில் ஒயர்லெஸ் ஏதும் உண்டா என்றுதான் கேட்பேன். பலருக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. பிக்கப்பைத் திருத்தக் காசோடு வந்தவரிடம் கேபிள் கதை பேசினால், வேலை தெரியாத ஆள் என்று முகத்திலேயே எழுதிவிடுவார்கள். எழுதட்டும். பழைய பிக்கப்பில் செய்யக்கூடிய வேலைகளில் திரும்ப மாற்ற முடிந்தவை உண்டு, முடியாதவையும் உண்டு. முடிந்ததை எல்லாம் பார்த்துவிட்டு, வேறு வழியே இல்லை என்றால்தான் காயிலில் கை வைக்க வேண்டும்.

ஸ்ட்ராட்டோகாஸ்டரையே எடுத்துக்கொள்வோம். லியோ ஃபெண்டரின் கலிபோர்னியா தொழிற்சாலையிலிருந்து 1954-இல் வந்த கிட்டார் அது. அதன் பிக்கப்பைப் போல எளிமையான பொருள் அதிகம் கிடையாது. மேலும் கீழும் வல்கனைஸ்டு ஃபைபர் தகடு; நடுவில் ஆறு ஆல்னிகோ காந்தத் தண்டுகள்; அந்தத் தண்டுகளைச் சுற்றி நேரடியாக எட்டாயிரம் சுற்றுக்குப் பக்கமாக எனாமல் செம்புக் கம்பி. அந்தச் சுருள்தான் காயில். 42 கேஜ் என்று சொல்கிற அந்தக் கம்பியின் தடிமன் 0.063 மில்லிமீட்டர். விரலில் எடுத்தால் எடுத்ததே தெரியாது. தந்தி அதிரும்போது காந்தப்புலம் ஆடுகிறது, காயிலில் மின்சாரம் பிறக்கிறது. அவ்வளவுதான். ஜார்ஜ் பீச்சம் 1930-களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கருக்காகச் செய்து, 'ஃப்ரையிங் பேன்' என்று பட்டப்பெயர் வாங்கிய அந்த வட்டக் கிட்டாரிலும் இதே தத்துவம்தான்.

இந்தக் காயிலுக்கு இண்டக்டன்ஸ் உண்டு. பழைய ஸ்ட்ராட்டில் சுமார் 2.2 ஹென்றி. காயிலுக்குள் சொந்தமாக 100 பிக்கோஃபாரட் அளவுக்கு கெப்பாசிட்டன்ஸும் ஒளிந்திருக்கிறது. அதோடு கேபிளும் சேர்கிறது. சாதாரண கிட்டார் கேபிள் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிக்கோஃபாரட் கொடுக்கும். ஆறு மீட்டர் கேபிள் என்றால் 600. இண்டக்டன்ஸும் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒலி எழும்பி நிற்கும், பள்ளிக்கூடத்தில் ஒத்ததிர்வு என்று படித்தோமே, அதுதான். நான் சொன்ன கணக்குக்கு அந்த மேடு 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும். மேட்டுக்குக் கீழே எல்லாம் அப்படியே போகும், மேட்டில் தூக்கலாகக் கேட்கும், அதைத் தாண்டினால் சடாரென்று விழும். கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரும் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் கொடுக்காது. நம் காதுக்கு உணர்திறன் அதிகம் உள்ள இடமும் 3, 4 கிலோஹெர்ட்ஸ் வட்டாரம்தான். ஆக, வார்மா, கூர்மையா, காதைக் குத்துகிறதா என்கிற வழக்கில் பெரும்பங்கு இந்த மேடு எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரம் என்பதில் தீர்ந்துவிடுகிறது.

மெல்லிசைக் குழுவில் வாசிக்கிற இளைஞர் ஒருவர் 1970-களின் ஸ்ட்ராட்டோடு வந்தார்.

"அண்ணே, பிரிட்ஜ் பிக்கப் காதைக் கிழிக்குது. ரீவைண்ட் பண்ணிக் குடுத்துடுங்க. ஒரு 8 கே வர்ற மாதிரி."

"ரீவைண்ட் இருக்கட்டும் தம்பி. ஒயர்லெஸ் வச்சிருக்கீங்களா?"

"ஆமாண்ணே, போன தீபாவளிக்குத்தான் வாங்கினேன்."

"காதைக் கிழிக்க ஆரம்பிச்சது எப்ப?"

அவர் சிரித்துவிட்டார்.

இடுப்பில் மாட்டுகிற டிரான்ஸ்மிட்டருக்கு ஒரு முழம் ஒயர் போதும். கேபிளின் 600 பிக்கோஃபாரட் போய், ஐம்பது அறுபதுதான் மிச்சம். 4 கிலோஹெர்ட்ஸில் நின்ற மேடு 8-ஐத் தாண்டி ஓடிவிடும். அதையும் ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் நேராக மேடை ஸ்பீக்கரில் விட்டால், தந்தியின் மேல் பிளெக்ட்ரம் உரசுகிற சத்தம் வரை கண்ணாடிச் சில்லாக விழும். 1960-களின் ஸ்ட்ராட் டோன் என்று நாம் ரெக்கார்டுகளில் கேட்டு ஏங்குவதில் அந்தக் காலத்துக் கேபிளுக்கும் பங்கு உண்டு. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வைத்திருந்த சுருள் கேபிளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நேர்க் கேபிளைவிட அந்த வகையில் கெப்பாசிட்டன்ஸ் பல மடங்கு அதிகம். பிக்கப்பை மட்டும் அதே மாதிரி வாங்கி, கேபிளை விட்டுவிட்டு, அந்த ஒலி வரவில்லையே என்று தவித்துப் பயனில்லை.

போன கெப்பாசிட்டன்ஸைத் திருப்பிக் கொடுப்பது எளிது. வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் இருக்கிற மாறுதடை) உள்ளே வரும் காலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு சின்ன கெப்பாசிட்டர் வைத்தால் போதும். சென்னை ரிச்சி தெருவில் கைநிறைய வாங்கினாலும் ஒரு டீ, வடை காசைத் தாண்டாது. நான் நேரே சால்டர் வைத்துவிட மாட்டேன். முதலைக் கிளிப் இரண்டு மாட்டிய ஒயரை ஜாக்கிலிருந்து வெளியே இழுத்து வைத்துக்கொண்டு, 220, 330, 470, 680, 1000 பிக்கோஃபாரட் என்று வரிசையாகக் கிளிப்பில் மாட்டி மாட்டி எடுப்பேன். வாசிப்பவர் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். எதை மாட்டினேன் என்று சொல்ல மாட்டேன். சில சமயம் எதையுமே மாட்டாமல் கிளிப்பை மட்டும் தட்டிவிட்டு, "இது எப்படி?" என்று கேட்பேன். இப்படிச் செய்யாவிட்டால் கண் கேட்பதைத்தான் காது சொல்லும்.

ஆறு மீட்டர் கேபிளோடு 470 சேர்ந்தால் மேடு 4-லிருந்து 3.1 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. 1000 சேர்த்தால் 2.6. ஸ்ட்ராட் பிரிட்ஜ் பிக்கப்புக்குப் பெரும்பாலானோர் 470-லோ 680-லோ நின்றுவிடுகிறார்கள். டோன் குமிழைக் குறைத்தால் போதாதா என்று கேட்கலாம். அந்தக் குமிழுக்குப் பின்னால் இருப்பது 22,000 பிக்கோஃபாரட்டோ அதற்கும் மேலோ. அதைத் திருப்பினால் முதலில் மேடு கரைகிறது, அப்புறம் மேலே உள்ளது மொத்தமாகப் போகிறது. போர்வைக்குள் வாசிக்கிற மாதிரி ஆகிவிடும். சின்ன கெப்பாசிட்டர் மேட்டைக் கரைப்பதில்லை, நகர்த்துகிறது. தந்தியைத் தட்டும்போது வருகிற அந்த முனை இருக்கும், ஆனால் குரல் கீழே இறங்கிப் பேசும். வார்ம் என்பதற்கும் மந்தம் என்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான்.

பாட் விஷயத்துக்கு வருவோம். மேட்டின் உயரத்தைத் தீர்மானிப்பது அது. ஃபெண்டர் சிங்கிள் காயிலுக்கு 250 கிலோஓம், கிப்சனின் இரட்டைக் காயில் ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். 1958-இல் வந்த ஜாஸ்மாஸ்டரிலும் 1962-இல் வந்த ஜாகுவாரிலும் ஃபெண்டரே 1 மெகாஓம் போட்டார்கள். அந்தக் கிட்டார்கள் காதைக் குத்துகின்றன என்று வருபவர்களுக்கு நான் பிக்கப் பக்கமே போவதில்லை. பழைய பாட்டைப் பத்திரமாகக் கழற்றி எடுத்துவிட்டு 250 போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். இன்னொன்று, கார்பன் பாட்டில் 20 சதவீதம் கூடக் குறைய இருப்பது சகஜம். மேலே 250 என்று அச்சடித்திருக்கும், மீட்டர் வைத்தால் 300 காட்டும். அளக்காமல் எதையும் நம்பக் கூடாது. ஸ்ட்ராட்டின் மூல ஒயரிங்கில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் குமிழே கிடையாது. நெக்குக்கும் நடுவுக்கும் மட்டும்தான். ஸ்விட்சில் ஒரு துண்டு ஒயரை ஒட்டி, நடுப் பிக்கப்பின் டோனைப் பிரிட்ஜுக்கும் பங்கு போட்டாலே பலருடைய குறை தீர்ந்துவிடுகிறது.

பழைய எண்ணெய்க் காகித கெப்பாசிட்டரைத் தங்க விலைக்கு வாங்கிப் போட்டால் டோன் வார்ம் ஆகும் என்று ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. எண்ணெயோ, பாலியெஸ்டரோ, அளவு ஒன்றாக இருந்தால் கிட்டார் டோன் குமிழில் எனக்கு வித்தியாசம் கேட்டதில்லை. பழையவற்றில் பலவும் எழுதியிருக்கிற அளவிலிருந்து நழுவிப்போயிருக்கும். கேட்கிற வித்தியாசம் அந்த நழுவலால் வருவதுதான்.

அந்தத் தம்பி கேட்ட '8 கே' கதையையும் சொல்லிவிடுகிறேன். பிக்கப்பை வாங்குபவர், விற்பவர் இருவரும் மல்டிமீட்டரில் காட்டுகிற கிலோஓமைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். பழைய ஸ்ட்ராட் பிக்கப் ஐந்தரையிலிருந்து ஆறரை வரை காட்டும். அந்த எண் கம்பியின் நீளத்தையும் தடிமனையும் சொல்கிறதே தவிர டோனைச் சொல்வதில்லை. 43 கேஜ் மெல்லிய கம்பியில் சுற்றினால் சுற்று கூடாமலேயே ஓம் கூடிவிடும். போதாததற்கு, செம்பின் தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.39 சதவீதம் ஏறும். குளிர்நாட்டில் 20 டிகிரி அறையில் 6.0 காட்டிய பிக்கப், சென்னையில் ஏசி இல்லாத பட்டறையில் 35 டிகிரியில் 6.35 காட்டும். "எழுதியிருந்ததைவிடக் கூட இருக்கு, ஓவர்வவுண்ட் பீஸ் போல" என்று மகிழ்ந்துபோனவர்களை எனக்குத் தெரியும். வெயிலுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். இண்டக்டன்ஸ் அளக்கிற எல்.சி.ஆர். மீட்டர் இப்போது பெரிய விலை இல்லை. கேட்க வேண்டிய எண் அதில் வருவது.

உயரத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்தி, தண்டின் தலையிலிருந்து தந்தியின் அடி வரை அளந்தால் பேஸ் பக்கம் 2.4, மெல்லிய தந்திப் பக்கம் 2 மில்லிமீட்டர் என்பது ஃபெண்டரின் பழைய பாணி பிக்கப்புக்குச் சொல்லப்படுகிற அளவு. அதைவிட அரை மில்லிமீட்டர் இறக்கினாலே தாக்கு மென்மையாகும். கிட்டே இருந்தால் காந்தம் தந்தியையே பிடித்து இழுக்கும், சுதி நடுங்கும்.

அடுத்து காந்தம். அலுமினியம், நிக்கல், கோபால்ட் மூன்றின் பெயர்த் தலைகளைச் சேர்த்ததுதான் ஆல்னிகோ. எண் வரிசையில் 5 வலுவானது, 2 மிதம், 3-இல் கோபால்ட்டே கிடையாது, அது இன்னும் சாது. 5-ஐ எடுத்துவிட்டு 2 போட்டால் வார்ம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஹம்பக்கரில் அது சரி. பழைய ஃபெண்டரில் அப்படி நினைத்துவிடாதீர்கள். கம்பி நேரடியாகத் தண்டுகளின் மேல் சுற்றப்பட்டிருக்கிறது. ஒரு தண்டைச் சுத்தியலால் தட்டி இறக்கினால் உள் சுற்று அறுந்து, ஐம்பது வருஷக் காயில் அந்த நிமிஷமே செத்துப்போகும்.

அங்கே செய்யக்கூடியது, தண்டை எடுக்காமலேயே அதன் வலுவைக் கொஞ்சம் குறைப்பது. முழு வலுவில் இருக்கிற ஆல்னிகோ 5 தண்டின் முனையில் காஸ் மீட்டர் ஆயிரம் வட்டாரத்தில் காட்டும். முதலில் ஆறு முனைகளையும் அளந்து எழுதிக்கொள்வேன். பழைய பிக்கப்பில் ஆறும் ஒன்றாக இருப்பது அபூர்வம். பிறகு பிக்கப்பை மர வைஸில் பிடித்து, சின்ன நியோடிமியம் காந்தத்தை மரக்குச்சியின் நுனியில் ஒட்டி, தண்டு எந்த முகத்தைத் தள்ளுமோ அந்த முகத்தைக் கீழே வைத்து மேலிருந்து மெல்ல இறக்குவேன். ஒரு கட்டத்தில் கையில் அந்தத் தள்ளல் தெரியும். அங்கேயே நிறுத்தி நேராக மேலே தூக்கி, மறுபடி அளக்க வேண்டும். கொஞ்சம் குறைந்திருக்கும். போதாவிட்டால் இன்னும் ஒரு மில்லிமீட்டர் கிட்டே. அவசரப்பட்டு முனையில் ஒட்டவிட்டால் தண்டு துருவமே மாறி, பக்கத்துத் தண்டோடு சண்டை போடும். குறிப்பாக மூன்றாம் தந்தியின் தண்டில் இந்த வேலைக்குப் பலன் அதிகம். 1950-களில் தண்டுகளின் உயரம் வைத்தபோது மூன்றாம் தந்தி, மேலே கம்பி சுற்றிய தந்தி. இப்போது எல்லோரும் போடுவது வெற்று எஃகுத் தந்தி. அது மற்றவற்றைவிடத் தூக்கலாக அலறும். உயரத்தை மாற்ற முடியாது, வலுவைக் குறைக்கலாம். வித்தியாசம் பெரிதாகக் காதில் விழும் என்று சொல்ல மாட்டேன். வாசிக்கிற விரலுக்குத் தெரியும். பிடிக்கவில்லையா, இரண்டு பெரிய நியோடிமியங்களுக்கு நடுவில் வைத்தால் பழைய வலு திரும்ப ஏறிவிடும். அதனால்தான் இந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

ஹம்பக்கரில் காந்தம் இரண்டு காயில்களுக்கு அடியில் ஒரே பட்டையாகக் கிடக்கிறது. அடித்தகட்டின் நான்கு திருகைத் தளர்த்தி, வடக்கு எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு, பட்டையை உருவி வேறு போடலாம். 1970, 80-களின் ஜப்பானிய ஹம்பக்கர்கள் பலவற்றில் செராமிக் பட்டை இருக்கும். அதற்குப் பதில் ஆல்னிகோ 2 போட்டால் ஆளே மாறிவிடும். ஆனால் கிப்சனுக்காக சேத் லவர் வடிவமைத்த, அடியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று சீட்டு ஒட்டிய அந்த 1950-களின் பிக்கப் கைக்கு வந்தால், மூடியின் சால்டரைக்கூடத் தொடாதீர்கள். விண்ணப்பம் 1955, காப்புரிமை கிடைத்தது 1959. பிறகு ஒட்டிய சீட்டில் அச்சானது கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் டெயில்பீஸ் காப்புரிமையின் எண்! அந்தக் காலத்தில் கையில் கிடைத்த ஆல்னிகோ ரகத்தையெல்லாம் போட்டார்கள். இரண்டு காயிலும் ஒரே சுற்றில் நின்றதில்லை. அந்தத் தாறுமாறுக்குத்தான் இன்றைக்கு விலை. அதற்கு மெழுகும் வேண்டாம். பிக்கப்பை உருகிய மெழுகில் முக்கினால் அதிலிருந்து வரும் ஊளை நிற்கும் என்பது உண்மை. 65 டிகிரியில் பாரஃபினோடு ஐந்தில் ஒரு பங்கு தேன்மெழுகு, தேன்மெழுகு நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும், பாத்திரத்தை வெந்நீரில் வைத்துத்தான் உருக்க வேண்டும். ஆனால் சூட்டில் அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் பாபின் வளைந்தால் நிமிர்த்த முடியாது.

ஸ்ட்ராட் பிரிட்ஜ் பிக்கப்புக்கு இன்னொரு நல்ல வழி ஃபெண்டரின் டெலிகாஸ்டரிடமிருந்து கடன் வாங்குவது. டெலியின் பிரிட்ஜ் பிக்கப்புக்கு அடியில் செம்பு பூசிய இரும்புத் தகடு உண்டு. அதே மாதிரி ஒன்றை வெட்டி ஸ்ட்ராட் பிக்கப்பின் அடியில் மெழுகால் ஒட்டினால் இண்டக்டன்ஸ் கொஞ்சம் ஏறும், நடுக் குரலுக்கு எடை கூடும். தகட்டை எர்த்தோடு இணைக்க வேண்டும், கம்பி முனைகள் இருக்கும் வளையங்களில் தகடு படவே கூடாது. வேண்டாமென்றால் லேசாகச் சூடு காட்டினால் கழன்று வந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு ரீவைண்ட். பத்து சதவீதம் சுற்றைக் கூட்டினால் இண்டக்டன்ஸ் 21 சதவீதம் ஏறும். கேட்கப் பெரிதாக இருக்கிறது. மேடு இறங்குவதோ 4-லிருந்து 3.65 வரைதான். சில்லறைக் காசு கெப்பாசிட்டர் 3.1 வரை இறக்கியதே! வால்யூம் கூடும், அது வேறு விஷயம். வார்மை மட்டும் தேடி உயிருள்ள பழைய காயிலை அறுப்பது எனக்கு ஒப்பாத வேலை, செய்து தருவதில்லை.

செத்த காயில் வேறு. நம் கடற்கரை ஊர்களின் உப்புக்காற்று தண்டில் துரு ஏற்றி, ஒட்டியிருக்கிற உள் சுற்றைத் தின்றுவிடுகிறது. அப்போதும் முதலில் வளையத்து சால்டரைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அறுந்தது பல நேரம் அங்கேதான். அங்கே இல்லை என்றால் ரீவைண்ட்தான் வழி. கம்பி வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: மோட்டார் ரீவைண்டிங் கடையில் '42 கேஜ்' என்று கேட்டால் அவர்கள் எடுத்துத் தருவது பிரிட்டிஷ் கணக்கில் 0.1 மில்லிமீட்டர் கம்பி. பிக்கப்புக்கு வேண்டியது அமெரிக்கக் கணக்கு 42. பிரிட்டிஷ் கணக்கில் அதற்குப் பக்கத்தில் வருவது 46. கேஜைச் சொல்லாதீர்கள், மைக்ரோமீட்டரைக் கையில் கொண்டுபோய் 0.063 என்று கேளுங்கள்.

எந்த வேலை செய்தாலும் கழற்றிய பாட், கெப்பாசிட்டர், காந்தம், திருகு எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு, எதை எப்போது மாற்றினீர்கள் என்று எழுதி, கிட்டார் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பழைய கிட்டாரை அடுத்து வாங்குகிறவர் முதலில் கேட்பது அந்த உறையைத்தான்.